எடிட் செய்த போட்டோவை எதில் சேமிக்கலாம்? தாத்தாவின் தழும்பு சொல்லிக்கொடுத்த பாடம்!

"பாப்பா, இதோட ஒரிஜினல் இல்லையா?"

பென்னாகரத்தில் ஒரு ஸ்டூடியோ. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே அங்கிருந்த அண்ணன் கேட்ட கேள்வி இது. தாத்தா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் 12×18 அளவில் ஒரு படம் போட்டு, பிரேம் செய்து வீட்டில் மாட்டிவிட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். "போட்டோதானேப்பா, அதை நான் பார்த்துக்கிறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். வீட்டில் டிஜிட்டல் வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதானே!

தாத்தா போட்டோவுக்கு நிற்கவே மாட்டார். இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் சமயத்தில் மாட்டுக்குக் கொம்பு சீவி வண்ணம் அடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை என் போனில் எடுத்தேன். நேராகப் பார்த்துச் சிரித்த படம் அது ஒன்றுதான். அந்தப் படத்தை நான் என்னவெல்லாம் செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்றைக்கே ஓரத்தை வெட்டி, முகத்துக்கு வெளிச்சம் கூட்டி, பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். இரண்டு நாள் கழித்து, முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு ஃபில்டர் போட்டு மறுபடியும் சேமித்தேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நடுவில் போன் மாறியது. பழைய போனில் இருந்த படங்களை பேக்கப் எடுக்கவில்லை. போன வருடம் அதே படத்தை குரூப்பிலிருந்து இறக்கி, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, மறுபடியும் சேமித்து ஸ்டேட்டஸ் வைத்தேன். ஸ்டூடியோவுக்கு நான் கொண்டுபோனது அந்தக் கடைசிப் படம். அதன் அளவு வெறும் 180 கேபி.

அண்ணன் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "பெருசா போட்டா கட்டம் கட்டமா உடையும் பாப்பா. முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணித் தர்றேன்" என்றார். சொன்னபடி செய்தும் தந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் குறை தெரியவில்லை.

காரியத்தன்று ஆயா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நெத்தியில இருந்த தழும்பு எங்க கண்ணு?" என்றார்.

சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்த தழும்பு அது. இடது புருவத்துக்கு மேலே மெல்லிய கோடு போல இருக்கும். "பொண்ணு பார்க்க வந்தப்போ நான் மொதல்ல பார்த்ததே அதைத்தான்" என்று ஆயா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கோடு படத்தில் இல்லை. பாதியை ஃபில்டர் அழித்தது. மீதியை அழித்தது, நான் யோசிக்காமல் தட்டிய 'சேவ்' பட்டன்.

எடிட் செய்த போட்டோவை எந்த வகை ஃபைலாகச் சேமிப்பது என்பதை இந்த வாரம் எழுத எனக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஜேபெக்: மாம்பழம் கூழான கதை

நம் போன்களில் பெரும்பாலும் படம் பதிவாவது ஜேபெக் வகையில்தான். ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று வரும். 1992-ல் வெளியான தரநிர்ணயம் இது. முப்பது வருடங்களைத் தாண்டியும் உலகத்தில் அதிகம் புழங்கும் போட்டோ வகையாக இருக்கிறது.

ஏன் இவ்வளவு செல்வாக்கு? ஒரு சின்ன கணக்கு. 12 மெகாபிக்ஸல் படம் என்றால் 4000×3000 புள்ளிகள். அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். எதையும் சுருக்காமல் வைத்தால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 36 எம்பி வேண்டும். ஜேபெக் அதையே மூன்று, நான்கு எம்பிக்குள் அடக்கிவிடுகிறது.

எப்படி அடக்குகிறது? படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கமான மாற்றங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கவனிக்கும் அளவுக்கு நிற வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. அதனால் நிறத் தகவலையும் பெரும்பாலும் குறைத்துவிடுகிறது. போனது போனதுதான், திரும்பி வராது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மாம்பழத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பி மாங்கூழ் ஆக்குகிறோம். டின்னில் அடைக்கலாம், கப்பலில் அனுப்பலாம், ஜூஸ் போடலாம். எல்லாம் சௌகரியம். ஆனால், அந்தக் கூழிலிருந்து மறுபடி ஒரு மாம்பழத்தை எடுக்க முடியுமா? ஜேபெக் என்பது கூழ். அனுப்பவும் காட்டவும் அருமையானது. ஆனால் நாளைக்குப் பழம் வேண்டுமென்றால், பழத்தைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைத் தள்ளிவிடலாம்.

ஒன்று, ஜேபெக் படத்தைத் திறந்து பார்த்தாலே தரம் குறையும் என்பது. குறையாது. நூறு முறை திறந்து பார்க்கலாம், பென் டிரைவில் காப்பி எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. எடிட் செய்து மறுபடியும் ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் இழப்பு. அதிலும் ஓரத்தை வெட்டிச் சேமித்தால் அந்த 8×8 கட்டங்களின் எல்லைகள் இடம் மாறிவிடும். புதிய கட்டங்களில் புதிதாக இழப்பு நடக்கும். தாத்தா படத்துக்கு நடந்தது இதுதான்.

இரண்டு, தரம் 100 சதவீதம் என்று வைத்தால் இழப்பே இல்லை என்பது. ரொம்பக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

பிஎன்ஜி, டிஃப்: பழத்தைப் பழமாக வைப்பவை

1996-ல் வந்தது பிஎன்ஜி. இதுவும் ஃபைலைச் சுருக்குகிறது. ஆனால் ஒரு புள்ளியைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை. துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. பிரித்தால் அதே துணி. எத்தனை முறை சேமித்தாலும் அப்படியே இருக்கும். பின்னணியே இல்லாத படம் (உதாரணமாக, பேனரில் ஒட்ட வெட்டியெடுத்த உருவம்) வேண்டும் என்றாலும் பிஎன்ஜி கைகொடுக்கும். ஜேபெக்கால் அது முடியாது. எழுத்துகள் உள்ள படங்கள், ஸ்கிரீன்ஷாட், பத்திரிகை டிசைன் எல்லாவற்றுக்கும் இதுவே நல்லது. ஒரே சங்கடம், போட்டோவைப் பிஎன்ஜியாக வைத்தால் ஜேபெக்கைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

டிஃப் இன்னும் மூத்தது, 1986-ல் வந்தது. ஸ்டூடியோ, அச்சகம், ஆவணக் காப்பகம் எல்லாம் நம்புவது இதைத்தான். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். டிஃப்பில் 65,536 படிகள் வரை வைக்கலாம். வெளிச்சத்தை ஏற்றி இறக்கி வேலை செய்யும்போது வானத்திலும் தோலிலும் பட்டை பட்டையாகக் கோடு விழாமல் இருக்க இது உதவும்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880-களிலிருந்து 1980-கள் வரை எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கும் வேலையைச் செய்தது. கல்யாண ஜோடி, குழந்தையோடு அம்மா, நாற்காலியில் பெரியவர் என்று நம் வீட்டு ஆல்பத்தில் இருப்பது போன்ற படங்கள்தான். அதற்குத் துணை நின்றது, அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காக்க லண்டன் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டம். அந்தத் திட்டத்துக்காகப் படமாக்கப்படும் ஆவணங்களின் மூலப் பிரதியை டிஃப் வகையில்தான் கேட்கிறார்கள். யாரோ ஒருவரின் தாத்தா படத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். நம் தாத்தா படத்துக்கு நாம் ஒரு பிஎன்ஜியாவது போட வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே கெட்டுப்போன ஜேபெக்கைப் பிஎன்ஜியாகவோ டிஃப்பாகவோ மாற்றினால் போன தரம் திரும்பி வராது. இதற்கு மேல் கெடாது, அவ்வளவுதான். ஸ்டூடியோவில் நான் முதலில் கேட்டதே, "அண்ணா, இதை பிஎன்ஜி ஆக்கினா சரியாகிடுமா?" என்பதுதான். அவர் சிரித்தார்.

நடுகல்லில் ஒரு பாடம்

தழும்பு போனது ஒரு குடும்பத்தின் கவலை. எழுத்து போனால் ஊருக்கே கவலை. நம் மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. தருமபுரி நகரத்தில் இருக்கும் அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம். வில்லும் வாளுமாக நிற்கும் வீரர்கள், மேலே வட்டெழுத்தில் அவர்கள் கதை. ஊர்ப்புறங்களில் காட்டோரமாகவும் வயலோரமாகவும் நிற்கும் கற்களைப் பலர் போனில் படமெடுத்துப் பகிர்கிறார்கள். நல்ல விஷயம்.

ஆனால், தேய்ந்த எழுத்து தெரிய வேண்டும் என்று கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிவிட்டுக் குறைந்த தரத்தில் ஜேபெக்காகச் சேமித்தால் என்ன ஆகும்? கூர்மையான விளிம்புகளைச் சுற்றி ஜேபெக் பிசிறு உண்டாக்கும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலத் தெரியும். தொழில்நுட்பத் துறையில் அதற்குப் பெயரே 'கொசு இரைச்சல்'தான்! கல்லில் வெட்டிய கோடு எது, ஜேபெக் போட்ட கோடு எது என்று படிப்பவர் குழம்பிப்போவார். அதனால் கல்வெட்டு, பழைய பத்திரம், கைப்பட எழுதிய கடிதம் ஆகியவற்றை எடிட் செய்தால் பிஎன்ஜி அல்லது டிஃப். எடிட் செய்யாத முதல் படத்தையும் கூடவே வைத்திருங்கள்.

ஹெய்க், வெப்பி, ரா: இவர்கள் யார்?

ஐபோனில் படமெடுத்து யாருக்காவது அனுப்பினால், "திறக்கலையே" என்று சில சமயம் பதில் வரும். அது ஹெய்க் வகை. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன்கள் இதைப் பயன்படுத்துகின்றன. ஜேபெக்கில் ஆகும் இடத்தில் ஏறக்குறைய பாதியிலேயே அதே தரம் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டர்களில்தான் சிக்கல். போனில் அப்படியே இருக்கட்டும். அனுப்பும்போது மட்டும் ஜேபெக் ஆக்கிக்கொள்ளலாம்.

வெப்பி, 2010-ல் கூகுள் அறிமுகப்படுத்தியது. இணையப் பக்கங்கள் சீக்கிரம் திறப்பதற்காக வந்தது. வீட்டுப் படங்களைச் சேமிக்க இதைத் தேடிப்போக வேண்டாம்.

ரா என்பது சமைக்காத அரிசி. கேமரா சென்சார் பார்த்ததை அப்படியே வைப்பது. சில போன்களின் 'புரோ' மோடில் டிஎன்ஜி என்ற பெயரில் கிடைக்கும். ஒகேனக்கல்லில் நல்ல வெயிலில் அருவியை எடுத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் நுரை வெறும் வெள்ளைத் திட்டாக விழும். ஜேபெக்கில் அந்த வெள்ளைக்குள் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ராவில் எடுத்திருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து நுரையின் வடிவத்தைப் பல நேரம் மீட்கலாம். எடிட் முடிந்த பிறகு டிஃப்பாகவோ ஜேபெக்காகவோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால்...

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத்தான் போகும். என் தாத்தா படத்தின் நீளப் பக்கம் 1600 புள்ளிகளாக வந்து நின்றது. அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89 புள்ளிகள்தான். நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்பது பொதுவான கணக்கு. போன் எடுத்த 4000 புள்ளிப் படம் இருந்திருந்தால்கூட அங்குலத்துக்கு 222 கிடைத்திருக்கும். சுவரில் மாட்ட அது தாராளம்.

2023-ல் வந்த 'ஹெச்டி' வசதி ஓரளவு உதவும். ஆனால் அச்சுக்கோ பாதுகாப்புக்கோ அனுப்புவதென்றால் போட்டோவாக அனுப்பாதீர்கள். 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். படம் அப்படியே போகும். எடுத்த தேதி போன்ற விவரங்களும் ஃபைலோடு சேர்ந்தே போகும். போட்டோவாக அனுப்பினால் அந்த விவரங்களும் கழன்றுவிடும்.

மூன்று பிரதி பழக்கம்

இப்போது நான் செய்வது இதுதான். முக்கியமான ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள்.

முதலாவது, மூலம். கேமரா எடுத்தது எதுவோ, எந்த வகையோ, அதைத் தொடவே கூடாது. எடிட் ஆப்பில் 'சேவ்', 'சேவ் காப்பி' என்று இரண்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'சேவ் காப்பி'. ஐபோன் கேலரியில் எடிட் செய்தால் 'ரிவர்ட்' கொடுத்து மூலத்துக்குத் திரும்பலாம். எல்லா ஆப்பும் அப்படி இல்லை.

இரண்டாவது, வேலைப் பிரதி. எடிட் செய்ததைப் பிஎன்ஜியாக வையுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் டிஃப். போட்டோஷாப்பில் லேயர் லேயராக வேலை செய்பவர்கள் பிஎஸ்டியாகவே வைத்திருந்தால் பூவை மட்டும் எடுக்கலாம், பெயரை மட்டும் மாற்றலாம். போனில் ஸ்னாப்சீட் போன்ற ஆப்களின் அமைப்புகளில் ஃபைல் வகையையும் தரத்தையும் தேர்வு செய்யும் இடம் இருக்கும். ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள்.

மூன்றாவது, அனுப்பும் பிரதி. இதுதான் ஜேபெக். எல்லா வேலையும் முடிந்த பிறகு, வேலைப் பிரதியிலிருந்து புதிதாக எடுங்கள். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஜேபெக்கில் கை வைக்காதீர்கள். வேலைப் பிரதிக்குத் திரும்பிப்போய் மாற்றி, இன்னொரு ஜேபெக் எடுங்கள்.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் ஜேபெக்காகக் கேட்பார்கள். (அந்தந்த அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்த நல்ல படத்தையே 50 கேபிக்குக் குறைத்து, அதன் மேலேயே சேமித்துவிட்டால் அடுத்த தேர்வு பெரிய அளவு கேட்கும்போது மறுபடி ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். குறைப்பது எப்போதும் பிரதியில்தான்.

'எல்லாப் படத்துக்கும் மூன்று வைத்தால் போன் தாங்குமா?' என்று கேட்பீர்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம். நேற்று வைத்த ரசத்துக்கு ஜேபெக் போதும். வீட்டுப் பெரியவர்கள், கல்யாணம், குழந்தையின் முதல் நாள், பழைய ஆவணம் என்று வருடத்துக்கு ஐம்பது படம் தேறினால் அதிகம். அவற்றை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு, ஒரு பென் டிரைவிலும் ஒரு ஆன்லைன் கணக்கிலும் வையுங்கள். கூகுள் போட்டோஸில் வைப்பதென்றால் 'ஒரிஜினல் குவாலிட்டி' தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். 'ஸ்டோரேஜ் சேவர்' என்று இருந்தால் அதுவும் படத்தைச் சுருக்கிவிடும்.

அந்தத் தழும்பு

காரியம் முடிந்து மூன்றாவது வாரம், ஓசூரில் இருக்கும் அத்தை போன் செய்தார். "அந்தப் பொங்கலுக்கு நானும் ஒண்ணு எடுத்தேன்டி. எங்கியோ பார்த்துட்டு இருக்காரேன்னு யாருக்கும் அனுப்பல" என்றார். எடிட் செய்யாதது, யாருக்கும் அனுப்பாதது, அவர் போனிலேயே கிடந்தது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி பத்து நிமிடம் போனில் பாடம் எடுத்தேன். வந்து சேர்ந்தது, 4 எம்பி.

தாத்தா கேமராவைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் பாதி பக்கெட் தெரிகிறது. என் படத்தோடு ஒப்பிட்டால் சுமாரான படம்தான். ஆனால், பெரிதாக்கிப் பார்த்தால் இடது புருவத்துக்கு மேலே அந்தக் கோடு துல்லியமாக இருந்தது.

அதே ஸ்டூடியோ அண்ணன்தான் பிரின்ட் போட்டுக் கொடுத்தார். பக்கெட்டை எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கூடத்தில் நான் போட்ட படம் மாலையோடு இருக்கிறது. அத்தை எடுத்த படத்தை ஆயா தன் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நல்ல படம் ஒன்றைப் போனில் தேடி எடுத்து, அதன் அளவு எத்தனை கேபி, எத்தனை எம்பி என்று பாருங்கள். சின்னதாக இருந்தால் முதலில் எடுத்தது யார் போனில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர்கள் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் சுலபம். கூப்பிட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் புதிதாக ஒன்று எடுத்துவிடுங்கள். ஃபில்டர் மட்டும் வேண்டாம்.

அடுத்த வாரம்: ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட பழைய போட்டோக்களைக் கிழியாமல் எடுத்து, போனிலேயே ஸ்கேன் செய்வது எப்படி?